இல்லை என்று தேடிப் பாருங்கள்

ஜூன் 3

மைய நூலகத்தின் மின்னாவணப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வட்டாரப் பத்திரிகைகளையும் ஆய்வறிக்கைகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் கணினியில் தேடிப் படிக்கும்படி ஆகஸ்ட் முதல் தேதி திறக்கப் போகிறீர்கள் என்று செய்தி படித்தேன். பட்டியலில் எங்கள் ஊர் நாளிதழ் இருக்கிறது. எங்கள் நீரியல் ஆய்வு நிலையத்தின் அறிக்கைகளும் இருக்கின்றன. அதனால் இந்த விண்ணப்பம்.

நான் அந்த நிலையத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊருக்கு மேலே இருக்கும் மண் அணையின் அடியில் கசிகிற தண்ணீரைத் தினமும் அளந்து எழுதுவது என் பொறுப்பு. மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதோ நான்காவதோ மழைக்காலத்தில் கலங்கலாக வந்தது. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாளிதழின் நிருபரிடம் சொன்னேன். செய்தி வந்தது. என் வேலை போய்விடக் கூடாதே என்று, பெயரைப் போடாமல் "நிலைய ஊழியர் ஒருவர்" என்று மட்டும் போட்டார். அடுத்த வாரமே பொறியாளர்கள் வந்து நீர்மட்டத்தைக் குறைத்து, கரையின் அடியில் மணலும் கல்லும் கொட்டிப் பலப்படுத்தினார்கள். அணை இன்றைக்கும் நிற்கிறது.

அந்தச் செய்தியின் படம் எனக்கு வேண்டும். தலைப்பில் "அணை" என்ற சொல் கட்டாயம் இருக்கும். தேதி நினைவில்லை. என்னிடம் இருந்த நறுக்கு, வீடு மாறியபோது அலமாரித் தட்டில் விரித்த காகிதத்தோடு காகிதமாகப் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உதவியாளர்

பி.கு.: யாரோ எவரோ என்று நினைத்து இதை வேறு மேசைக்குத் தள்ளிவிட வேண்டாம். உங்கள் கணவரின் தங்கைதான் எழுதுகிறேன். ஆறு வருடம் பேசாமல் இருந்தவள் இப்போது எழுதுவது அதிகாரிக்கு. அண்ணிக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.


ஜூன் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

அதிகாரி எழுதுவது: தங்கள் விண்ணப்பம் கிடைக்கப் பெற்றோம்.

இனி அண்ணி எழுதுவது: உறையைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறு யார் அந்தப் பழைய எழுத்தை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? ணை, லை, ளை, னை என்றால் எழுத்துக்கு முன்னால் தனியாகக் கொம்பு போட்டால் போதும் என்று சீர்திருத்தி எத்தனை காலம் ஆயிற்று! நீ இன்னமும் எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கோட்டை வளைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கடிதம் முழுக்க யானைக் கூட்டம். பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டு, "மேடம், இதையும் ஸ்கேன் பண்ணி உள்ள ஏத்திடலாமா?" என்று கேட்டாள்.

உன் அண்ணன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். ஆறு வருடமாக அவருக்கு மத்தளத்தின் பிழைப்பு, இரண்டு பக்கமும் இடி. பிறகு, "அவ நம்ம வீட்ல இருந்தா பால் பொங்க இருநூத்திப் பத்து எண்ணிக்கைன்னு சொல்லிக்கிட்டு அடுப்படியில நிப்பா" என்றார். நானும் சிரித்தேன். குளிக்க அறுநூறு எண்ணிக்கை, பேருந்து நிறுத்தம் போக ஆயிரத்து நூறு எண்ணிக்கை. கடிகாரம் இருக்கிற வீட்டில் எதையும் எண்ணியே சொன்னவள் நீ ஒருத்திதான்.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், கேள். பதினோரு லட்சம் பக்கம் முடித்திருக்கிறோம். ஜன்னல் திறக்காத ஓர் அறை, இரண்டு கேமரா, நடுவில் கண்ணாடித் தகடு. தொட்டால் அப்பளமாக நொறுங்குகிற பழைய இதழ்களை மட்டை பிரித்து, தூசி தட்டி, ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுக்கிறோம். அதன்பின் ஒரு மென்பொருள் அந்தப் படத்தில் இருக்கிற எழுத்தை வாசித்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றித் தருகிறது. நாங்கள் அதற்குப் "படிப்பாளி" என்று பெயர் வைத்திருக்கிறோம். சம்பளம் கேட்காது, விடுப்புக் கேட்காது, படித்துக்கொண்டே இருக்கும். பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். இதைச் செய்து முடித்ததில் எனக்குப் பெருமைதான்.

உன் விஷயம். "அணை" என்று நானே தட்டிப் பார்த்தேன். பிற்கால இதழ்களில் ஆயிரக்கணக்கில் வருகிறது. நீ சொன்ன வருடங்களில் ஒன்றுகூட வரவில்லை. ஆகவே, இல்லை. நடந்தது ஒன்று, நடந்திருக்க வேண்டும் என்று நாம் நினைத்தது ஒன்று, இரண்டும் வயதாக ஆக ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். எனக்கும் அப்படி ஆகிறது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 20

அண்ணி அவர்களுக்கு,

கிடைத்தது. படித்தேன். "மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடமாக அதைத்தானே வைத்துக்கொண்டிருக்கிறேன், வேறு என்ன இருக்கிறது என்னிடம்?

உங்கள் மகளின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா அணைப்பக்கம் சுற்றிப் பார்க்கப் போனதாகச் சொன்னார். நான் பழைய கதையை எடுத்தேன். நீங்கள் பரிமாறிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்: "ஆரம்பிச்சிட்டாளா? ஏம்மா, அந்த அணை நிக்கிறதுக்கு கல்லும் மண்ணும் காரணமா, நீ காரணமா? பேப்பர்ல வந்துச்சு வந்துச்சுங்கிறியே, ஒரு துண்டு காட்டேன், பாப்போம்!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணன் வேறு, "அதான் அவளுக்கு அணைக்கட்டுன்னே பேரு வெச்சிருக்கோம்" என்றார். சின்ன வயதிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுகிற பெயர்தான். அன்றைக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அண்ணி, உடைந்த அணைக்கு ஆயிரம் சாட்சி உண்டு. படம் இருக்கும், விசாரணை இருக்கும், நினைவுக்கல் இருக்கும். உடையாத அணைக்கு யார் சாட்சி? கீழே எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததுதான் நான் செய்த வேலை. நிலையத்தில் எங்களுக்கு இருந்த ஒரே கடிகாரம் பழுது. வாளியை வைத்துவிட்டு, அது நிறைகிற வரை வாயால் எண்ணி எண்ணி அளந்தேன். நீங்கள் கேலி செய்கிற எண்ணிக்கைப் பழக்கம் அங்கே வந்ததுதான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. அது பொய் என்று ஆகிவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது ஓய்வூதியப் புத்தகம் மட்டும்தான்.

இயந்திரம் இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். நீங்கள் ஒரு பக்கத்தையாவது கண்ணால் புரட்டினீர்களா? அந்தப் படிப்பாளி எப்படிப் படிக்கிறான் என்று எனக்குக் காட்டுங்கள். எங்கள் ஊர் நாளிதழில், நான் சொன்ன வருடத்தில், ஏதாவது ஒரு பக்கம். அதன் படமும் வேண்டும், அவன் படித்ததும் வேண்டும்.

இப்படிக்கு,
நாத்தனார்


ஜூன் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. பந்தியில் நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சிரிக்க வைக்க வேண்டும் என்று சொன்னேன். நீ எழுந்து போனதைப் பார்த்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால் பின்னாலேயே ஓடி வர வெட்கமாக இருந்தது. மறுநாள் போன் செய்யலாம் என்று நினைத்தேன், மறுநாள் அதற்கு மறுநாளாயிற்று. இது சமாதானம் ஆகாது என்று தெரியும்.

ஆனால் என் வேலையில் குறை சொல்லாதே. அதைத் தாங்க மாட்டேன். நீ கேட்டபடி ஒரு நாளின் தலையங்கப் பக்கம் வைத்திருக்கிறேன். முதல் தாள் படம், இரண்டாவது தாள் படிப்பாளி படித்தது. நாங்கள் மாதிரிக்கு ஆயிரம் பக்கம் எடுத்துச் சோதித்திருக்கிறோம். அந்த ஆயிரமும் பிற்கால இதழ்கள் என்பது உண்மைதான், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எழுத்துச் சரி. இந்தத் தாளையும் நான் ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் ஓடியது. நீயும் படித்துப் பார், பிறகு சொல்.

அண்ணி

பி.கு.: உன் அண்ணன் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். "அணைக்கட்டு" என்று எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.


ஜூலை 4

அன்புள்ள அண்ணி,

இன்றைக்கு உங்களை "அன்புள்ள" என்று எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. எங்கள் ஊர் அணைக்குக் கீழே இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் அணையிலிருந்து. வயலுக்குத் தண்ணீர் அணையிலிருந்து. நாளிதழில் தினமும் நீர்மட்டம் போடுவார்கள். அப்படிப்பட்ட ஊரின் பத்திரிகையில் பல வருடங்களுக்கு "அணை" என்ற சொல்லே ஒரு தடவைகூட வரவில்லை என்று உங்கள் இயந்திரம் சொல்கிறது, நீங்களும் தலையாட்டுகிறீர்கள். என் செய்தியை விடுங்கள். அணையே காணாமல் போயிருக்கிறது, அண்ணி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழு அணையை மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி அந்த இரண்டாவது தாள். முப்பத்தொரு வருடம் அறிக்கைகளைச் சரிபார்த்த கண் இது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, அடிக்கோல் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டேன். நாலாவது வரியிலேயே பிடித்துவிட்டேன். "அரசுக்கு இதில் அக்கறை இல்ல" என்று இருக்கிறது. தலையங்கம் எழுதுகிறவர் "இல்ல" என்று எழுதுவாரா? எங்கள் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் வீட்டில் மனைவியிடம்கூட இலக்கணத்தோடு பேசுகிற மனிதர். கீழே பார்த்தேன். "வேல", "வில", "சால", "பிள்ள". பக்கத்தின் தலையிலேயே "தலயங்கம்". ஆனால் "கொள்கை", "சபை", "உண்மை" எல்லாம் சரியாக இருக்கின்றன. "கவலை" மட்டும் "கவல" ஆகிவிட்டது.

புரிகிறதா? உங்கள் படிப்பாளிக்குத் தும்பிக்கை தெரியவில்லை. அவன் புது எழுத்துப் படித்தவன். பழைய அச்சில் எங்கெல்லாம் ணை, லை, ளை, னை வருகிறதோ அங்கெல்லாம் தும்பிக்கையை ஏதோ மைத்துளி என்று நினைத்து உதறிவிட்டு, மிச்சத்தை மட்டும் படிக்கிறான். நாம் வாயால் "இல்ல", "வேல" என்று பேசுகிறவர்கள்தானே, அதனால் வாசித்துப் பார்க்கும்போது காதுக்கு ஒன்றும் இடிக்காது. உங்களுக்குத் தடங்கல் இல்லாமல் ஓடியதற்கு அதுதான் காரணம். "அணை" என்பது அவன் கையில் "அண" ஆகியிருக்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்து மாறுவதற்கு முந்திய இதழ்களில், எந்தப் பத்திரிகையாக இருந்தாலும் சரி, "இல்லை" என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல் இல்லாமல் இந்த மொழியில் ஒரு பத்திரிகை ஒரு நாள் நடக்காது.

அது இல்லை என்று வந்தால், நீங்கள் எனக்கு எழுதிய "இல்லை"யும் செல்லாது.

நாத்தனார்

பி.கு.: யானைக் கூட்டம் என்று சிரித்தீர்களே. யானையைப் பார்த்தவள்தான் தடத்தைக் கண்டுபிடித்தாள்.


ஜூலை 30

என் அருமை நாத்தனாரே,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கையில் எல்லாம் வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உன் கடிதத்தைப் பிரித்த கையோடு கணினி முன் போய் நின்று "இல்லை" என்று தட்டினேன். எழுத்து மாறுவதற்கு முந்திய நாலே கால் லட்சம் பக்கம். பூஜ்யம். திரும்பத் தட்டினேன். பூஜ்யம். "வேலை" தேடினேன், "விலை" தேடினேன், "பிள்ளை" தேடினேன். எங்கள் ஆவணத்தின்படி அந்தக் காலத்தில் யாருக்கும் வேலை கிடையாது, எதற்கும் விலை கிடையாது, ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரி முதலில் சிரித்தாள், அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இப்படியே ஆகஸ்ட் முதல் தேதி திறந்திருந்தால் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் எல்லோருக்கும் நாங்கள் கை நிறையப் பொய் கொடுத்திருப்போம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்களுக்குத் தும்பிக்கையே சறுக்கிவிட்டது.

நானும் அந்த எழுத்தில்தான் பாடம் படித்தேன். அதனால்தான் படத்தில் பார்க்கும்போது கண் தானாகப் படித்துக்கொண்டு போய்விட்டது. படிப்பாளிக்கு அது தெரியாது என்று தோன்றவே இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தேன்.

மென்பொருள்காரர்கள் பாடம் சொல்லிக்கொடுக்க மூன்று வாரம் கேட்டார்கள். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. "அண" என்று தேடலாம் என்று பார்த்தால் அண்ணன், அண்ணி, அண்டை வீட்டார் எல்லோரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஆகவே நீ சொன்ன இரண்டு மழைக்காலத்தையும் கண்ணாலேயே புரட்டினேன். ஐந்து மதிய இடைவேளை ஆயிற்று. நானூறுக்கு மேல் பக்கம் பார்த்தேன். இரண்டாவது மழைக்காலத்தில், மூன்றாம் பக்கத்தின் அடியில், பல்பொடி விளம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டு வரி.

தலைப்பு: "அணையின் அடியில் கலங்கல் தண்ணீர்". உள்ளே: "முன்பு ஒரு வாளி நிறைய எழுபது எண்ணிக்கை ஆயிற்று, இப்போது நாற்பத்தொரு எண்ணிக்கையில் நிறைகிறது, வாளியின் அடியில் ஒரு விரல் கனம் மண் படிகிறது என்று நிலைய ஊழியர் ஒருவர் கூறினார்."

எண்ணிக்கை! நிமிடம் என்று எழுதவில்லை, நொடி என்று எழுதவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் சமையலறையில் பால் பாத்திரத்துக்கு முன்னால் நீ நிற்பது தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து மேசைக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். "என் நாத்தனார் பேப்பர்ல வந்திருக்கா" என்றேன். அவள் தேதியைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கங்களை முதல் நாளே புரட்டியிருக்கலாம். இயந்திரம் "இல்லை" என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அன்றைக்குப் பந்தியில் நான் சிரித்தது சரிதான் என்று ஆகிவிட்டதே என்ற நிம்மதி. அதனால்தான் மேலே தேடவில்லை. படிப்பாளிக்காவது எழுத்துத் தெரியாது. எனக்கு என்ன கேடு?

அதோடு விடவில்லை. உங்கள் நிலையத்தின் அந்த வருட அறிக்கையை எடுத்தேன். எழுதியவர் என்று உன் மேலதிகாரியின் பெயர் இருந்தது. கடைசியில் ஒரு பின்னிணைப்பு, தட்டச்சு இல்லை, கையெழுத்து. அதே எழுபது, அதே நாற்பத்தொன்று. அதே யானைகள், ஒவ்வொரு தும்பிக்கையின் நுனியிலும் நீ போடுகிற அதே சின்னச் சுழி. சொந்தக்காரி என்பதால் நான் முடிவு சொல்லக் கூடாது. மூன்று பேர் குழுவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர்கள் உன் ஜூன் மாத விண்ணப்பத்தையும் பின்னிணைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது அந்த அறிக்கையின் பதிவில் "களக் குறிப்பு எழுதியவர்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அதில் உன் முழுப் பெயரும் இருக்கிறது. பத்திரிகைச் செய்தியிலிருந்து அந்த அறிக்கைக்கு இணைப்பும் கொடுத்திருக்கிறோம். நிலைய ஊழியர் ஒருவர் யார் என்று இனிமேல் யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம்.

படிப்பாளி இப்போது தும்பிக்கையைப் படிக்கிறான். நேற்று "இல்லை" தேடினேன். இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம். துறைக் கூட்டத்தில் இயக்குநர், "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "ஊர்ல இருந்துக்கிட்டு ரெண்டு தாளை வெச்சே கண்டுபிடிச்சா சார், என் நாத்தனார்" என்றேன். என் வேலையில் இத்தனை வருடத்தில் அப்படி நிமிர்ந்து பேசியதில்லை.

திறப்பு விழாவைச் செப்டம்பர் முதல் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். திரையில் தேடிக் காட்டப் போகிற முதல் சொல் "அணை". சம்பந்தி வீட்டாரை முன்வரிசையில் உட்கார வைக்கப் போகிறேன், மாப்பிள்ளையின் தாய்மாமா உட்பட. அன்றைக்குச் சிரித்தது நான்தான், தப்பு என் மேல்தான் என்று அவர்கள் முன்னாலேயே மேடையில் சொல்லப் போகிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சோதனைக்காக இப்போதே திறந்து வைத்திருக்கிறோம். நீயே போய்த் தேடிப் பார்.

இன்னும் என் மேல் கோபமா? அதை மட்டும் எழுது.

உன் அண்ணி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கிளை நூலகத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து எண்ணூற்று இருபது எண்ணிக்கை. நூலகர் அம்மா நாற்காலி போட்டுக் கொடுத்து, "என்னம்மா தேடணும், நான் தட்டட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு விரலால் நானே "அணை" என்றும் பக்கத்தில் "கலங்கல்" என்றும் தட்டினேன்.

நாலு எண்ணிக்கையில் வந்துவிட்டது, அண்ணி. முப்பத்தாறு வருடமாகக் காத்திருந்தது, நாலு எண்ணிக்கையில்.

பன்னிரண்டு வரியையும் படித்தேன். பிறகு அறிக்கையைத் திறந்து, என் பெயர் இருக்கிற வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூலகர் அம்மா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்களா?" என்றார். "நாந்தான்" என்றேன். சொல்லிக்கொள்ள எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! அவருடைய வீடு அணைக்கு நேர் கீழே இருக்கிற தெருவிலாம். அந்த வருடம் அவர் கைக்குழந்தையாம். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கேயே உட்கார்ந்து வேறு பக்கங்களையும் புரட்டினேன். இத்தனை ஊர்ப் பத்திரிகையும், அடுக்கி, தூசி தட்டி, ஒரு மூலை கிழியாமல்! நீங்கள் பெருமை பேசினால் இனி நான் குறுக்கே பேச மாட்டேன். அதற்குத் தகுந்த வேலைதான். எங்கள் அண்ணி செய்தது என்று நூலகர் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

விழாவுக்கு முந்தின நாளே வருகிறேன். அண்ணனைப் பேருந்து நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். மேடையில் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், சம்பந்தி முன்னால் உங்கள் தலை தாழ்வது எனக்குப் பிடிக்காது. அந்தப் பன்னிரண்டு வரியைப் படித்தால் போதும். ஆனால் பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகப் படியுங்கள். தாய்மாமாவுக்குக் காது மந்தம்.

கோபமா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை.

கையால் எழுதியதில் இந்தச் சொல்லை மட்டும், என் வாழ்நாளில் முதல்முறையாக, புது எழுத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். உங்களுக்கும் சரி, உங்கள் படிப்பாளிக்கும் சரி, தப்பாகப் படிக்க இடம் வைக்கக் கூடாது.

உங்கள்,
அணைக்கட்டு